வலி அடங்கிய பிறகு கேளுங்கள்

செஞ்சிக்கு வெளியே திருநாதர் குன்றில் ஒரு பழைய கல்வெட்டு உண்டு. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் நோற்று உயிர் நீத்ததைச் சொல்வது. அந்தச் சுற்றுவட்டார ஊர்களில், தீராத நோயோடு படுத்திருப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் நர்ஸ் நான். "சோறு வாணாம்மா, போய்ச் சேந்தா போதும்" என்று ஓர் ஆயா சொன்னால், "அதுக்குப் பக்குவம் வந்துடுச்சு" என்கிறார்கள் பிள்ளைகள். என்னால் அதை ஏற்க முடிவதில்லை. சமணரின் தத்துவார்த்த சூத்திரம் உண்ணாநோன்பிருந்து உயிர் நீக்கும் சல்லேகனைக்குரிய குற்றங்களை வகுக்கும்போது, இன்னும் வாழ வேண்டும் என்ற ஆசையோடு, சீக்கிரம் சாக வேண்டும் என்ற ஆசையையும் குற்றமாகவே வைக்கிறது. சாவுக்கு ஏங்குவது துறவு ஆகாது.

அந்த ஏக்கம் எங்கிருந்து வருகிறது? கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வந்த ஆயா ஒருவர், மகன் வெளியே போனதும்தான் வாய் திறந்தார். இடுப்பு வலியில் ராத்தூக்கம் இல்லை. மகன் ஏற்கெனவே வட்டி கட்டுகிறான். துணி மாற்ற மருமகளைக் கூப்பிடக் கூச்சம். டாக்டர் எழுதிய மார்ஃபின் மாத்திரையை நாலு மணி நேரத்துக்கு ஒன்றாகக் கொடுக்கத் தொடங்கினேன்; வலி அடங்கியதும் கேழ்வரகுக் கூழ் கேட்டார். போய்ச் சேரும் பேச்சு நின்றது. ஆனால் ஆஸ்பத்திரி வேண்டாம் என்பதில் மட்டும் அசையவில்லை. வெளியே உயிர் போனால் உடம்பை வீட்டுக்குள் எடுக்க மாட்டார்கள், தன் வாசலிலிருந்துதான் புறப்பட வேண்டும் என்றார். இதை நான் நம்பினேன். வலி போன பிறகும் நின்ற விருப்பம் அது.

உயிர்காக்கும் சிகிச்சை வேண்டாமென முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொன்னது. 2023இல் நடைமுறையையும் எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி முன் கையெழுத்திட்டாலே போதும் என்றது. நல்ல வழி. ஆனால் கடனுக்கு அஞ்சி இடும் கையெழுத்தை நோட்டரியால் கண்டுபிடிக்க முடியாது. அதைக் கட்டிலருகே உட்கார்ந்து, வலி தணித்து, செலவுக்கு வழி சொல்லி, மறுபடி கேட்டுத்தான் அறிய வேண்டும்.

அப்படிக் கேட்டால் எல்லாரும் வீட்டையே கேட்பதும் இல்லை. நுரையீரல் கெட்டுப்போன ஒரு விவசாயி, பேத்தி கல்யாணம் வரைக்கும் எந்த மெஷினில் போட்டாலும் சரி என்றார். பிள்ளைகள் தயங்கினார்கள். அன்று சாயங்காலமே அவரை முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கு 108இல் ஏற்றி அனுப்பினேன்.