கடைசியாகத் தொட்ட கை

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் வழங்குவது அம்மண்ணின் மரபு. ஞாயிறு எழும் கரை ஒன்று. படும் கரை மற்றொன்று. போர் நடந்த ஆண்டுகளில் இப்பெயர்களுக்கு வேறொரு பொருளும் சேர்ந்தது. எழுவான்கரையின் விளக்குகளைப் படுவான்கரையின் பல ஊர்களிலிருந்தோர் தண்ணீருக்கு அப்பால் கண்டனரேயன்றித் தம் வீடுகளில் காணவில்லை. இன்றோ வாவிப் பிரதேசத்துக்கு மின்சாரம் தரும் 132 கிலோவோல்ட் உபமின் நிலையங்களுள் ஒன்று படுவான்கரையிலேயே, வவுணதீவில் நிற்கிறது.

இரு கரைகளையும் வேறுபாடின்றி ஒன்றாக்கும் நாள்களும் உண்டு. 2025 பெப்ரவரி 9 ஞாயிறு முற்பகல் அத்தகைய நாள். தீவு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியைத் தொட்டதே காரணம் என்று துறைக்குப் பொறுப்பான அமைச்சர் கூறினார். நாடு சிரித்தது, நாமும் சிரித்தோம். குரங்கு தன் தரப்பை எடுத்துரைக்க வராது. அதனினும் வசதியான குற்றவாளி எவருக்குக் கிடைப்பார்? ஆனால் சிரிப்பு அடங்கியபின் வெளிவந்த விளக்கம் சிரிப்புக்குரியதாக இருக்கவில்லை. ஞாயிறு பகலில் மின்சாரத் தேவை குறைந்திருந்தது. சூரிய மின்சாரத்தின் பங்கு மிகுந்திருந்தது. தம் சுழற்சியின் பாரத்தால் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும் பெரிய எந்திரங்கள் குறைவாகவே ஓடிக்கொண்டிருந்தன. ஒரு சிறு அடிக்கே முழு அமைப்பும் விழக்கூடிய நிலை முன்னரே உருவாகியிருந்தது. அந்த நிலையைக் குரங்கா உருவாக்கிற்று?

அதற்கு முன், 2020 ஆகஸ்டு 17 அன்றும் தீவு இருண்டது. அன்று பழி விழுந்தது ஒரு மனிதர்மீது. கெரவலப்பிட்டி உபமின் நிலையத்தில் பராமரிப்பு வேலை நடந்திருந்தது. வேலை முடிந்தபின், அதற்காக இணைத்திருந்த எர்த்தை விடுவிக்காமல் பஸ்பாரில் மீண்டும் மின்னை ஏற்றியதே காரணம் என்றும், பொறுப்பிலிருந்த மின் அத்தியட்சகர் உரிய நடைமுறையைப் பின்பற்றவில்லை என்றும் விசாரணைக் குழு கண்டது. நுரைச்சோலையின் நிலக்கரி எந்திரங்கள் நின்றால் உடனே எழக்கூடியவை அல்ல. ஆகவே அடுத்த சில நாள்களும் நேரம் வகுத்து மின்வெட்டு நடந்தது. ‘மனிதத் தவறு’ என்ற இரு சொற்களோடு பத்திரிகைகள் அவ்விடயத்தை மூடிவைத்தன.

அந்த எர்த் எதற்காக இணைக்கப்படுகிறது என்பதைச் சற்று நின்று எண்ணவேண்டும். மின்னை நிறுத்திவிட்டு மனிதர் கைவைக்கும் கம்பியை நிலத்தோடு பிணைத்துவிடுவது இத்தொழிலின் முதற்பாடம். எவரேனும் தவறி மின்னை ஏற்றிவிட்டால் அது நிலத்துக்குள் ஓடும். வேலை செய்பவரின் உடல் தப்பும். கெரவலப்பிட்டியில் மறக்கப்பட்டது உயிர்காக்கும் அந்தப் பிணைப்பே. இதற்கு நேர்மாறான மறதியும் உண்டு: ஆள் கம்பியில் இருக்கும்போதே எர்த்தை எடுத்துவிடுவது, அல்லது கட்டாமலே விடுவது. அம்மறதியால் தீவு இருளாது. ஒரு வீடு மட்டும் இருளும். செய்தியும் மூன்று வரிகளில் முடிந்துவிடும். விசாரணைக் குழுவின் அறிக்கைக்காக நாடு காத்திருக்காது. தவறின் பெருமையை நாம் எந்தக் கோலால் அளக்கிறோம்? நம் மின்விசிறி நின்ற நேரத்தால் அல்லவா?

மின் நிலையத்தைக் கட்டியவருக்குப் பெயர் கிடைக்கிறது. 1918 இலேயே இந்நாட்டின் நீர்மின் வளத்தை எடுத்துக்காட்டிய விமலசுரேந்திரவின் பெயரில் ஒரு மின் நிலையம் இருக்கிறது. அவர் அதற்கு முற்றும் தகுதியானவரே. 1963 இல் இயங்கத் தொடங்கிய இங்கினியாகலை நிலையத்தை இத்தனை ஆண்டுகள் ஓடவைத்தவர்கள் யார் என்று கேட்டால் மறுமொழி கிடையாது. பராமரிப்பின் இயல்பே அது. செவ்வனே செய்யப்பட்டால் எதுவும் நிகழாது. நிகழாத ஒன்றுக்கு எவரும் மாலை இடுவதில்லை.

கடலும் வாவியும் இருபுறமும் சூழ்ந்த மட்டக்களப்பில் அந்த ‘நிகழாமை’ எளிதில் வருவதன்று. காற்றோடு வரும் உப்பும் தூசியும் கோடை முழுவதும் பீங்கான் காப்பான்களில் படிகின்றன. உலர்ந்திருக்கும்வரை அவற்றால் பெருந்தீங்கில்லை. பனியோ முதல் தூறலோ பட்டதும் அப்படிவு மின்னைக் கடத்தத் தொடங்குகிறது, காப்பான்மேல் பொறி ஓடுகிறது, இணைப்பு அறுகிறது. பெருமழை கழுவிவிடும், சிறு தூறலே பகை. ஆதலால் வாடை மழை தொடங்குமுன் அவற்றைக் கழுவித் துடைக்கவேண்டும். அதற்கு மின்னை நிறுத்த வேண்டும். நிறுத்துவதற்கு அனுமதி வேண்டும்.

மூத்த பொறியியலாளரின் அறச்சோதனை இங்குதான் தொடங்குகிறது. “பரீட்சைக் காலம், அடுத்த கிழமை பார்ப்போம்” என்று ஒரு குரல் வரும். “திருவிழா நேரத்தில் வெட்டினால் சனம் ஏசும்” என்று மற்றொன்று. உதிரிப்பாகத்துக்குக் கேட்ட பணம் வரவில்லை என்பது இன்னொன்று. இவை யாவும் பொய்க் காரணங்கள் என்று நாம் சொல்லவில்லை. பரீட்சை எழுதும் பிள்ளைக்கு வெளிச்சம் வேண்டும்தான். ஆனால் ஒவ்வோர் ஒத்திவைப்பும் ஒரு கடன். அதைத் திருப்பிக் கட்டுகிறவர், ஒத்திவைக்கச் சொன்னவர் அல்லர். வேலை பிந்தியபின் நள்ளிரவில் அவசரமாக ஏறுகிற தொழிலாளியே கட்டுகிறார். மேலே ‘பொறுங்கள்’ என்போர்க்கும் கீழே கம்பியில் ஏறுவோர்க்கும் நடுவில் நிற்பவர் பொறியியலாளர். மின் நிறுத்தப்பட்டது, எர்த் கட்டப்பட்டது, வேலை செய்யலாம் என்ற பத்திரம் அவருடைய பொறுப்பில் வெளிவருகிறது. அதன்கீழ் உள்ள கையெழுத்தைத் தவிர வேறு காப்பு எதையும் ஏறுபவர் கண்ணால் காண்பதில்லை. மின் இருக்கும் கம்பியும் இல்லாத கம்பியும் பார்வைக்கு ஒன்றே.

வாவிக் கரைகளில் வைகாசி வந்தால் கண்ணகை அம்மன் கோயில்களில் திருக்குளிர்த்தி நடக்கும், வழக்குரை பாடப்படும். பக்தியோடு கேட்கும் அந்தக் கதையை ஒரு வழக்காகவும் கேட்டுப் பார்க்கலாம். சிலப்பதிகாரத்தில் பொய் சொன்னவன் பொற்கொல்லன். வாளை வீசியவன், குடிவெறியிலிருந்த ஒரு காவலன். கடைசியாகத் தொட்ட கை அவனுடையது. ஆயினும் கண்ணகி அவனைத் தேடிச் செல்லவில்லை. நேரே அரசவைக்கு வந்தாள். ஊடல் கொண்ட தேவியைத் தேற்றும் அவசரத்தில், ஆராயாமல் ஆணையிட்டவனிடமே வழக்கை வைத்தாள். பாண்டியனும் காவலனைக் காட்டித் தப்பிக்க முனையவில்லை. ‘மனிதத் தவறு’ என்ற தொடர் அவனுக்குத் தெரியாமற்போயிற்று போலும்!

அவ்வாறாயின் நடைமுறையை மீறியவரை மன்னித்துவிடுவதா என்று வாசகர் கேட்கக்கூடும். இல்லை. நடைமுறையின் ஒவ்வொரு வரியும் எங்கோ ஓர் உயிரை இழந்து கற்றது. அதை அசட்டை செய்பவர் தம் தோழரின் உயிரோடு விளையாடுகிறார். தொழிலாளர்பால் நமக்குள்ள பரிவு இதை மறைக்கலாகாது. ஆனால் மனிதன் மறக்கக்கூடியவன் என்பது தெரிந்ததுதானே? அதற்காகவே இரண்டாவது கண் ஒன்று சரிபார்க்க வேண்டுமென்று விதித்தார்கள். எர்த் இணைந்திருக்கையில் மின்னை ஏற்றவிடாத பூட்டுகளை அமைத்தார்கள். ஒருவரின் மறதி இவற்றையெல்லாம் கடந்து இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்களை இருளில் ஆழ்த்துமாயின், மறதி ஒன்றை மட்டும் கூண்டில் ஏற்றுவது நீதியாகுமா? தண்டனை கடைசிக் கையோடு நின்றுவிட்டால், அடுத்த முறை தவறு செய்பவர் அதை மறைக்கவே கற்றுக்கொள்வார். உண்மையைச் சொன்னவர் வேலையிழக்கும் இடத்தில் பதிவேடு பொய் பேசத் தொடங்கும்.

ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துப் பொறியியற் பீடத்திலிருந்து நாளை இந்த உபமின் நிலையங்களுக்கு நம் பிள்ளைகள் செல்வார்கள். குற்று மின்னோட்டத்தைக் கணக்கிட அவர்கள் கற்றிருப்பார்கள். மேலதிகாரி “ஏற்றுங்கள்” என்று தொலைபேசியில் நெருக்கும்போது, “இன்னும் இல்லை” என்று சொல்வதை எந்தப் பாடவேளையில் கற்பார்கள்? கீழே நிற்கும் உதவியாளர் “ஐயா, ஒரு எர்த் குறையுது” என்று சொல்லும்போது சினக்காமல் கேட்பதை யார் கற்பிப்பார்கள்?

ஐப்பசியில் ஒரு பகல், கழுவும் வேலை முடிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொழிலாளர் ஒவ்வொருவராக இறங்குகின்றனர். ஊரில் மின்சாரம் இல்லை. அலுவலகத்தில் தொலைபேசி ஓயாமல் அடிக்கிறது. மேலே போன எர்த்துகள் ஆறு. பொறியியலாளர் மணலில் கிடப்பவற்றை எண்ணுகிறார்: ஐந்து. ஆறாவது வரும்வரை திறப்பு அவருடைய சட்டைப் பையிலேயே இருக்கும்.