ஏழு எண்கள்

ஒரு டெக்ஸ்ட் ஃபைலைத் திறக்கிறோம். உள்ளே இருப்பது இவ்வளவுதான்:

3 62 148 0.4 900;

இது என்ன? நாலு நம்பர் கடையில் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டு மாதிரி இருக்கிறது. உண்மையில் இது ஓர் உறுமியின் முனகல். வளைந்த குச்சியால் தோலை உராயும்போது ஓசை கீழிருந்து மேலே ஏறுமே, அதுதான். 62 அது தொடங்கும் அதிர்வெண், 148 போய் முடியும் இடம், 0.4 சத்தத்தின் அளவு, 900 அந்தப் பயணத்துக்கு ஆகும் மில்லிசெகண்ட். முன்னால் இருக்கும் 3 வெறும் வரிசை எண். கடைசியில் இருக்கும் அரைப்புள்ளி, ‘இந்த வரி முடிந்தது’ என்று கணினிக்குச் சொல்வது.

நான் இப்போது சொன்ன விளக்கத்தில் ஒரு சொல்கூட அந்த ஃபைலில் கிடையாது. இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான்.

பியூர் டேட்டா என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. மில்லர் பக்கெட் என்பவர் 1990களில் உருவாக்கியது. இலவசம், மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. அதற்கு முன்பு 1980களில் பாரிசின் இர்காம் நிலையத்தில் இருந்தபோது அவர் உருவாக்கியது மேக்ஸ். கணினியை முதலில் பாட வைத்தவர்களில் ஒருவரான மேக்ஸ் மேத்யூஸின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். இந்த மாதிரி மென்பொருள்களில் நிரலை வரிவரியாக எழுதுவதில்லை, வரைகிறோம். திரையில் சின்னச் சின்னப் பெட்டிகள். ஒன்று ஒலியை உண்டாக்கும், ஒன்று வடிகட்டும், ஒன்று பெருக்கும். பெட்டிகளைக் கோடுகளால் இணைத்தால் ஒரு ‘பேட்ச்’ தயார். அதாவது நமக்கென்று நாமே செய்த ஒரு வாத்தியம்.

வாத்தியம் செய்தாகிவிட்டது. குமிழ்களைத் திருகித் திருகி நல்ல ஓசை ஒன்றையும் கண்டுபிடித்தாகிவிட்டது. கணினியை மூடினால் அது போய்விடும். அதனால் குமிழ்கள் நிற்கும் இடங்களை எண்களாக ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி வைக்கிறோம். அதற்குப் பெயர் பிரீசெட். ‘ரைட்’ என்று ஒரு செய்தி அனுப்பினால் எழுதிவிடும். நாளைக்கு ‘ரீட்’ என்றால் படித்துவிடும். வேலை சுலபம். எனக்குள்ள கேள்வி வேற: இங்கே எதைச் சேமித்தோம்? ஓசையையா, எண்களையா?

இப்படி யோசித்துப் பாருங்கள். அடுத்த மாதம் அந்தப் பேட்சை நான் கொஞ்சம் மாற்றுகிறேன். இரண்டாவது எண் போய்க்கொண்டிருந்த இடத்துக்கு இப்போது மூன்றாவது எண் போகிறது. பிரீசெட் ஃபைலை யாரும் தொடவில்லை. ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் திறந்தால் வேறு ஏதோ கத்துகிறது. இப்போது அந்த ஃபைல் சொல்வது உண்மையா, பொய்யா? எழுதியவன் பொய் சொல்லவில்லை. எழுத்தும் அழியவில்லை. படிக்கிறவன் மாறிவிட்டான், அவ்வளவுதான். மாறாமல் இருப்பதும் உண்மையாக இருப்பதும் ஒன்றில்லை என்று ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

இதெல்லாம் கணினி பிடித்தவர்களின் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். நமக்கு இது ரொம்பப் பழைய பிரச்சினை. நம்மிடம் ஏழு எண்கள் இருக்கின்றன: 4, 4, 3, 2, 4, 3, 2. சிலப்பதிகார உரைவழி நமக்கு வந்து சேர்ந்தவை. குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2. தமிழிசையின் ஏழு சுரங்களுக்கும் உரிய அலகுகள், கூட்டினால் 22. யோசித்தால் இதுவும் ஒரு பிரீசெட் ஃபைல்தான். எண்கள் பத்திரமாக வந்துவிட்டன. அவை எந்த வாத்தியத்துக்காக எழுதப்பட்டனவோ, அந்த யாழ் வரவில்லை. ஃபைல் இருக்கிறது, பேட்ச் காணாமல் போய்விட்டது.

இந்த எண்களை வைத்துக்கொண்டு இரண்டு பேர் ஆயுளைச் செலவழித்தார்கள். தஞ்சாவூரில் மருத்துவராக இருந்த ஆபிரகாம் பண்டிதர் 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற பெரிய நூலைக் கொண்டுவந்தார். ஓர் இயக்கில் 22 அலகு என்பதை ஏற்காமல், 24 சமப் பகுதிகள் என்று வாதிட்டார். இலங்கையின் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள், கணிதமும் அறிவியலும் படித்தவர், 1947இல் ‘யாழ் நூல்’ வெளியிட்டார். பழைய பாடல்களிலும் உரைகளிலும் கிடந்த குறிப்புகளைக் கணக்குப் போட்டு, மறைந்துபோன ஒரு வாத்தியத்தையே திரும்ப எழுப்பப் பார்த்தார். அதே ஆண்டில் காலமாகிவிட்டார்.

இந்தச் சண்டை எதைப் பற்றியது என்று புரிந்துகொள்ள, அந்த ஏழு எண்களை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி பியூர் டேட்டாவில் படிக்க வைத்துப் பார்த்தேன். ஓர் இயக்கை 22 சமத் துண்டுகளாகப் பிரிப்பது என் வசதிக்காகச் செய்த எளிமைப்படுத்தல்தான். பழையவர்கள் அப்படிப் பிரித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. குரலை 220 ஹெர்ட்ஸில் வைத்தேன். உடனே பேட்ச் என்னிடம் ஒரு கேள்வி கேட்டது. துத்தத்துக்கு 4 என்றால், துத்தத்துக்கு வந்து சேரும் தூரம் 4ஆ? இல்லை, துத்தத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் போகும் தூரம் 4ஆ?

வந்து சேரும் தூரம் என்று வைத்தால், நான்காவது சுரமான உழை 9ஆம் அலகில் நிற்கும். ஏறக்குறைய 292 ஹெர்ட்ஸ். கேட்டால் அரிகாம்போதி மாதிரி இருக்கிறது. செம்பாலை என்பது இன்றைய அரிகாம்போதிதான் என்று பலர் சொல்வது இந்த வழியில்தான். போகும் தூரம் என்று வைத்தால், அதே உழை 11ஆம் அலகுக்கு ஏறிவிடும். 311 ஹெர்ட்ஸ். இப்போது காதில் விழுவது கல்யாணி. ஃபைல் ஒன்றுதான், எண்கள் அதே ஏழுதான், ராகம் இரண்டு. எது சரி என்று அந்த எண்களிடமே கேட்டால் பதில் கிடையாது. எழுதியவருக்கு அது கேள்வியாகவே தோன்றியிருக்காது. அவர் பக்கத்தில் யாழ் இருந்தது. வாசிக்கத் தெரிந்தவரும் இருந்தார். எல்லாருக்கும் தெரிந்ததை எதுக்கு எழுதணும்?

அந்த ‘எல்லாருக்கும் தெரியும்’ என்பதுதான் முதலில் அழிகிறது. ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி வைக்கமாட்டார்கள். எது மெய், எது உயிர்மெய் என்று படிக்கிறவர் சொந்தமாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். சுவடி கையில் இருந்தும் சமணக் கருத்துகள் புரியாமல், கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்க் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். அந்தக் குடும்பங்கள் அந்த நூலைப் பேச்சிலும் பழக்கத்திலும் வைத்திருந்தார்கள். அவர்கள் இல்லாமல் போயிருந்தால், சுவடி இருந்தும் நூலில் பாதி இல்லாமல் போயிருக்கும்.

இதை நான் இலக்கியத்தில் மட்டும் பார்க்கவில்லை. ஷா ஆலாம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பல வருஷம் வேலை பார்த்த டெக்னீஷியன் ஒருவர் ஓய்வு பெற்றுப் போனார். அவருடைய நோட்டுப் புத்தகத்தை எல்லாரும் பொக்கிஷம் மாதிரி வைத்திருந்தார்கள். ‘இரண்டாவது மெஷின் – 183’ என்று எழுதியிருக்கும். ஏன் 183? யாருக்கும் தெரியாது. மூலப்பொருள் தருகிற கம்பெனி மாறிவிட்டது, மெஷினில் பாதி உதிரிப்பாகங்கள் மாறிவிட்டன, 183 மட்டும் மாறவில்லை. தொட யாருக்கும் தைரியமில்லை. காரணம் தொலைந்த எண் சடங்காகிவிடுகிறது. கோவிலில் மட்டும்தான் சடங்கு இருக்கும் என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை தொழிற்சாலைக்குள் வந்து பார்க்கலாம்.

சரி, இதில் அறம் எங்கே வருகிறது? இரண்டு இடத்தில் வருகிறது என்று நினைக்கிறேன்.

முதலாவது, பிரீசெட்டைப் பயன்படுத்துகிறவரின் பக்கம். 1978இல் வந்த புரொஃபெட் 5 என்ற சிந்தசைசர், குமிழ்களின் நிலையை நினைவில் வைத்து ஒரு பொத்தானில் திரும்பக் கொடுத்தது. 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ் 7 உள்ளுக்குள் 32 ஓசைகளை வைத்திருந்தது. அதில் புதிதாக ஓர் ஓசை செய்வது சிரமம் என்பதால், பலர் கம்பெனி கொடுத்ததையே வாசித்தார்கள். ஒரு தலைமுறையின் பாடல்கள் ஒரே மின்பியானோ ஓசையில் நனைந்தது அப்படித்தான். இன்று கிள்ளானில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போனால், கீபோர்டு வாசிக்கும் அண்ணன் பென்டிரைவில் தபேலா, நாதஸ்வரம், தவில் எல்லாம் வைத்திருப்பார். யார் தட்டிய தவில், எந்த ஊர், ஏன் அப்படித் தட்டினார் என்பது அந்த ஃபைலில் இல்லை. அவர் மேல் குறையில்லை, அவர் பிழைப்பு அது. ஆனால் பொத்தானை அழுத்தினால் ஓசை வரும் என்று பழகிய காது, ‘இது ஏன் இப்படி இருக்கிறது’ என்று கேட்பதை மெல்ல நிறுத்திவிடும்.

இரண்டாவது, எழுதி வைக்கிறவரின் பக்கம். எனக்கு இதுதான் கடினமாக இருக்கிறது. கிள்ளானில் பல வருஷமாக உறுமி மேளம் அடிக்கிற ஓர் அண்ணன். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் அவர் குழு காவடிக்கு முன்னால் போகும்போது நெஞ்சுக்குள் ஏதோ புரளும். மேலே எழுதிய எண்களில் வரிசை எண்ணைத் தவிர மற்ற நான்கும் அவருடைய உறுமியைக் கேட்டுக் கேட்டு எடுத்தவை. இதை நான் வெளியிட்டால் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஒரு குழுவைக் கூப்பிடக் காசு ஆகும், பிரீசெட்டுக்கு ஆகாது. அவர் கையில் இருந்ததை எண்ணாக்கி ஊருக்குக் கொடுப்பது காப்பாற்றுவதா, பிடுங்குவதா?

எழுதாமலே விட்டுவிடலாமே, கற்றுக்கொள்ள விரும்புகிறவன் ஆசானிடம் போகட்டும் என்று சொல்பவர்கள் உண்டு. அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து கற்றால் ஓசையோடு காரணமும் சேர்ந்தே வரும். ஆனால் ஆசான் போய்விட்டால் எல்லாமே போய்விடும். யாழ் அப்படித்தானே போனது? அரைகுறையாக வந்த அந்த ஏழு எண்களும் வராமல் இருந்திருந்தால், பண்டிதரும் அடிகளும் சண்டை போடுவதற்குக்கூட எதுவும் இருந்திருக்காது. அரைகுறை எழுத்து ஒரு தலைமுறையைக் குழப்பும். ஆனால் தேடவும் வைக்கும். எழுதாமல் விட்டால் தேடுவதற்கே ஒன்றும் இருக்காது.

ஆகவே எழுதத்தான் வேண்டும் என்ற பக்கம்தான் நான். ஆனால் எண்ணை எழுதியதும் கடமை முடிந்துவிட்டது என்று நினைப்பதை ஏற்க முடியவில்லை. டெக்ஸ்ட் ஃபைலாக வைப்பது ஒரு நல்ல தொடக்கம். எந்தக் கணினியிலும் திறக்கும், எந்தக் கம்பெனி மூடினாலும் பூட்டிக்கொள்ளாது. பியூர் டேட்டாவின் பேட்ச்கூட உள்ளுக்குள் ஒரு டெக்ஸ்ட் ஃபைல்தான். எந்தப் பெட்டி எங்கே நிற்கிறது, எதோடு இணைகிறது என்று வரிவரியாக எழுதியிருக்கும். பிரீசெட்டைத் தனியாகக் கொடுக்காமல் பேட்சையும் சேர்த்துக் கொடுக்கலாம். அதாவது ஏழு எண்களோடு யாழையும் கொடுப்பது. அதற்கு மேல், சாதாரணத் தமிழில் நான்கு வரி: எந்த எண் எதற்கு, என்ன அளவை, யாரைக் கேட்டு எடுத்தது, எங்கே இது பொய்த்துப்போகும். யாருடைய கை என்ற பெயரும், அவர் சம்மதித்தால்.

கடைசியாகச் சொன்ன ‘எங்கே பொய்த்துப்போகும்’ என்பது என் யோசனை இல்லை. எண்களை அந்த அண்ணனிடம் காட்டி, “அண்ணே, இத எழுதி வெளியில போடலாமா?” என்று கேட்டேன். ஸ்பீக்கரில் ஓசையைக் கேட்டார். மறுபடியும் போடச் சொன்னார்.

“நல்லாத்தான் இருக்கு தம்பி. போட்டுக்கோ. ஆனா இது காஞ்ச தோலு. அன்னிக்கு நல்ல வெயிலு. மழை நாள்ல தோலு தொங்கிடும், நாங்க கயித்த இழுத்து வேற மாரி அடிப்போம். அதையும் எழுது. இல்லாட்டி இதான் உறுமின்னு நெனச்சிக்குவானுங்க.”

“பணம் விஷயம்ணே? நாளைக்கு உங்களக் கூப்பிடாம இத வச்சி ஓட்டினா?”

அதற்கு அவர் உடனே பதில் சொல்லவில்லை. “அதுக்கு நீதான் ஒரு வழி யோசிக்கணும்,” என்றார்.

வழி இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்கும் வரை அந்த ஃபைல் என் கணினியிலேயே இருக்கிறது. எண்களுக்கு மேலே நான்கு வரிக்குப் பதில் இப்போது பதினொரு வரி இருக்கிறது. முதல் வரி: ‘வெயில் நாள். காய்ந்த தோல். மழையில் இது பொருந்தாது.’