விருப்பத்தின் வரிசை

பிளஸ் டூ முடிவு வந்த நாளிலிருந்து நம் வீடுகளில் ஒரே கேள்வி சுற்றி வருகிறது: இந்தக் கட் ஆஃபுக்கு என்ன கிடைக்கும்? பொறியியல் சேர்க்கைக்காகக் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கணக்கிட்ட எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, சென்ற ஆண்டு எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எத்தனையில் முடிந்தது என்று பட்டியல்களைப் புரட்டுகிறோம். பிள்ளைக்கு எது பிடிக்கும் என்ற கேள்வி பின்னால் போய் நிற்கிறது. பல வீடுகளில் அது கேட்கப்படாமலேயே போய்விடுகிறது.

இந்தக் கணக்கைப் பழிப்பது நியாயமாகாது. குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதிக்கப்போகும் பிள்ளைக்கு ஓராண்டு கைநழுவினால், அதன் பாரத்தை வீடே சுமக்க வேண்டும். கட்டணம், தூரம், விடுதி, அடுத்த பிள்ளையின் படிப்பு என்று ஒன்றோடொன்று பிணைந்த கவலைகளுக்கு நடுவில் நிற்கும் பெற்றோரிடம், மனம் போன வழியில் போகவிடுங்கள் என்று சொல்லிவிட்டு நகர்வது பொறுப்பற்ற உபதேசம். ஆகவே சாத்தியத்தைக் கருத வேண்டுமா என்பதில் நமக்குள் வழக்கில்லை. நம் சிந்தனையில் அதை எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதையே நிதானித்துப் பார்க்க வேண்டும்.

கட் ஆஃப் நமக்கு எதைச் சொல்கிறது? வெள்ளம் வடிந்த பிறகு சுவரில் நிற்கும் கோடு, தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்று காட்டும்; அந்த வீடு எப்படிப்பட்டது என்று காட்டாது. சென்ற ஆண்டின் கட் ஆஃபும் அப்படித்தான். விண்ணப்பித்தவர்களின் ஆசை அந்த ஆண்டு எந்தப் பக்கம் திரண்டது என்பதன் தடயம் அது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் மெக்கானிக்கலுக்கு இருந்த போட்டி இன்று கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் போய்விட்டது. செயற்கை நுண்ணறிவு என்ற பெயரைத் தாங்கிய பிரிவுகள் முன்வரிசைக்கு வந்துவிட்டன. இதற்கிடையில் வெப்ப இயக்கவியலின் விதிகள் மாறிவிடவில்லை. பாலமும் அணையும் குடிநீர்க் குழாயும் இந்த நாட்டுக்கு வேண்டாதவை ஆகிவிடவில்லை. மாறியவை நம் அச்சமும் நம்பிக்கையும்தான்.

ஆனாலும் அந்த எண்ணையே ஒரு துறையின் மதிப்பாக எடுத்துக்கொள்கிறோம். 198 எடுத்த பெண் சிவில் படிக்க விரும்பினால், மார்க்கை வீணாக்காதே என்கிறோம். 140 எடுத்த பையனிடம், கிடைத்ததை எடுத்துக்கொள் என்கிறோம். ஒருத்திக்கு எண் மிகுதி, ஒருவனுக்கு எண் குறைவு. இருவருக்கும் பதிலாக எண்ணே தேர்ந்தெடுத்துவிடுகிறது. இத்தனை அதிகாரத்துக்கு அது தகுதியுடையதா? அரை மார்க் இடைவெளிக்குள் நூற்றுக்கணக்கானோர் நிற்கிறார்கள். கூட்டு மதிப்பெண், பாட மதிப்பெண், பிறந்த தேதி என எல்லாவற்றிலும் இருவர் சமமாக நின்றால், கடைசியில் சமவாய்ப்பு எண்தான் யார் முன், யார் பின் என்று தீர்மானிக்கிறது. மனித முயற்சியை அளக்க வந்த முறை, ஓர் எல்லைக்கு மேல் தன்னால் அளக்க இயலாது என்று ஒப்புக்கொள்ளும் இடம் அது.

வியப்பு என்னவென்றால், நாம் அஞ்சுகிற பொறியியல் கவுன்சிலிங் முறையே நமக்கு ஒரு பாடத்தை வைத்திருக்கிறது. ரேங்க் வரிசையில் ஒவ்வொருவர் முறை வரும்போதும், அவர் எழுதிய பட்டியலில் மேலிருந்து எது இன்னும் காலியாக இருக்கிறதோ அது ஒதுக்கப்படுகிறது. எட்டாது என்று தோன்றுவதை முதலில் எழுதியதற்காகக் கீழே எழுதிய எதுவும் பறிபோவதில்லை. கிடைக்கக்கூடியதை மேலே எழுதியவருக்கோ, மெய்யாக விரும்பியது காலியாக இருந்திருந்தாலும் கிடைக்காது. கணித அறிஞர்கள் டேவிட் கேலும் லாய்டு ஷேப்லியும் 1962-இல் கல்லூரிச் சேர்க்கையைக் கணிதக் கேள்வியாக எடுத்து ஆராய்ந்தார்கள். அந்த வழியில் வளர்ந்த சிந்தனைக்காக ஷேப்லிக்கும் ஆல்வின் ராத்துக்கும் 2012-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சிந்தனை தெளிவாக்கிய உண்மைகளில் ஒன்று, ரேங்க் வரிசைப்படி ஒதுக்கும் முறையில் தன் உண்மையான விருப்பத்தை மறைப்பவருக்கு எந்த ஆதாயமும் இல்லை என்பது.

ஆகவே பட்டியலின் வரிசையை விருப்பம் எழுதட்டும். அதன் நீளத்தை விவேகம் எழுதட்டும். எது முதலில் வர வேண்டும் என்று கேட்கும்போது சென்ற ஆண்டின் எண்கள் பேசக் கூடாது. எதுவரை எழுத வேண்டும் என்று கேட்கும்போது அவை பேசியே ஆக வேண்டும். விருப்பத்தை மட்டும் எழுதிக் கீழே ஒன்றும் எழுதாதவர் உலகத்தை மதிக்கவில்லை. கிடைப்பதை மட்டும் எழுதியவர் தன்னை மதிக்கவில்லை.

பதினேழு வயதில் கற்கும் இந்தப் பாடம் வாழ்நாள் முழுவதற்கும் உரியது. நமக்கு இரண்டு வகை மறுப்புகள் நேர்கின்றன. ஒன்று உலகம் தருவது. நாம் கேட்டோம், அது இல்லை என்றது. மற்றொன்று நாமே நமக்குத் தருவது. கேட்டால் கிடைக்காது என்று எண்ணிக் கேட்காமலேயே திரும்பிவிடுகிறோம். முதல் மறுப்பு வலிக்கும். ஆனால் நாம் எதை விரும்புகிறோம் என்ற அறிவை அது நம்மிடமே விட்டுச்செல்கிறது, அந்த அறிவைக்கொண்டு வேறொரு வழியில், வேறொரு வயதில், அதே விருப்பத்தை நாம் மறுபடி அணுக முடியும். இரண்டாவது மறுப்பு வலிப்பதே இல்லை. வலிக்காத காரணத்தாலேயே அது பழக்கமாகி, வேலையிலும் உறவிலும் பொதுவாழ்விலும் எது கிடைக்குமோ அதையே விரும்பக் கற்றுக்கொடுத்து, கடைசியில் நமக்கென்று ஒரு விருப்பம் இருந்தது என்பதையே மறக்கச் செய்துவிடுகிறது.

உண்மையான வரிசையை எழுதியவருக்குப் பதினேழாவதாக எழுதிய இடம் கிடைத்தாலும், அது பிறர் திணித்ததன்று. இதற்கு மேலுள்ளவை கிட்டாதபோது இதை ஏற்பேன் என்று அவரே தெளிந்த மனத்தோடு வாக்களித்த இடம், ஆகவே அங்கே முழு மனத்தோடு உழைக்க அவரால் முடியும். கிடைப்பது எது என்பதை மதிப்பெண்ணும் சூழலும் தற்செயலும் சேர்ந்து தீர்மானிக்கும். விரும்புவது எது என்பதை நம்மைத் தவிர வேறு எவரும் தீர்மானிக்க இயலாது என்பதால், அந்த ஒன்றில் நேர்மையாக இருப்பதே மனிதனுக்கு உள்ள முதல் சுதந்திரம், அதைப் பிள்ளைகளிடமிருந்து பறிக்காமல் இருப்பதே பெரியவர்களுக்கு உள்ள முதல் கடமை.