துக்கமும் பொறுப்பும்

மர்ம நாவலுக்கென்று ஒரு நியதி உண்டு: ஒரு மரணம் நேர்ந்துவிட்டால், அதற்குக் காரணமானவரைக் கடைசி அத்தியாயத்துக்குள் கண்டுபிடித்துத் தந்தாக வேண்டும். துக்கத்தில் ஆழ்ந்த மனமும் அதையே யாசிக்கிறது. ஆனால் பதில் இல்லாத இடத்தில் ஒரு பதிலைச் சிருஷ்டித்துக்கொள்ள, துக்கப்படுகிறவருக்கு உரிமை உண்டா? அமெரிக்க எழுத்தாளர் அலி பெஞ்சமின் 2015-இல் வெளியிட்ட ‘தி திங் அபவுட் ஜெல்லிஃபிஷ்’ என்னும் நாவல், இந்தக் கேள்வியைப் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் வாழ்க்கையில் வைத்துப் பரீட்சிக்கிறது.

சூசியின் பால்ய சிநேகிதி ஃபிரானி கடலில் மூழ்கி இறந்துபோகிறாள். நீந்தத் தெரிந்தவள் எப்படி மூழ்கினாள் என்பதற்குச் சூசிக்கு விளக்கம் கிடைக்கவில்லை. சில காரியங்கள் அப்படியே நேர்ந்துவிடுகின்றன என்கிறார் தாயார். அதை ஏற்க மறுத்துப் பேச்சையே நிறுத்திவிட்ட சூசி, ஆஸ்திரேலியாவின் வடகடலில் அறியப்பட்ட, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டரே உள்ள, கொடிய நஞ்சுடைய இருகாண்ட்ஜி ஜெல்லி மீனே தோழியைக் கொன்றது என்று தீர்மானித்து, அதை நிரூபிக்க வேண்டி, வீட்டாரின் பணத்தை எடுத்துக்கொண்டு அந்நாட்டு நிபுணரைத் தேடிப் புறப்படவும் துணிகிறாள்.

இந்தத் தேடலின் அடியில் வேறொரு வேதனை புதைந்து கிடக்கிறது. ஃபிரானி புதிய தோழிகளோடு சேர்ந்து தன்னைவிட்டு விலகியபோது, அவளுக்குப் புத்தி வரட்டும் என்று சூசி தன் சிறுநீரை உறையவைத்து, அந்தக் கட்டிகளை அவளுடைய பள்ளி அலமாரிக்குள் போட்டுவைத்தாள். மனஸ்தாபம் தீருமுன் மரணம் குறுக்கிட்டது.

துயரப்படும் குழந்தைதானே என்று இவை யாவற்றையும் துடைத்துவிடுவது கருணைபோலத் தோன்றும். ஆயினும், தன் செயலுக்குப் பொறுப்பேற்கும் தகுதியையே அவளுக்கு மறுப்பதால், அது அவளுக்கு இழைக்கும் அநீதியாகும். பழியிலிருந்து தப்பவே ஜெல்லி மீனைத் தேடினாள் என்று கண்டிப்பதும் நியாயமன்று. சிநேகம் முறிந்த பின்னும் அன்பு முறியாமல் இருந்ததனால்தான், அத்தனை சிரமத்தை அவள் மேற்கொண்டாள். தோழியை அவமானப்படுத்தியது அவளுடைய குற்றம். தோழி இறந்தது அவளுடைய குற்றமன்று. முன்னதற்குப் பச்சாத்தாபம் வேண்டும். பின்னதற்கு அழுகை போதும்.

இவ்விரண்டையும் வெவ்வேறாகக் காணும் விவேகமே இத்தகைய பாத்திரத்தின் உண்மையான வளர்ச்சி என்று கொள்ளலாம். பயணம் விமான நிலையத்திலேயே தடைப்பட்டு, காரணம் நிரூபிக்கப்படாமலே சூசி வீடு திரும்புகிறாள். ஆனால் மௌனம் கலைந்து மீண்டும் மனிதரோடு பேசுகிறாள். மர்மம் தீராமலே மனம் முதிர்கிறது. துக்கப்படுகிறவரின் தேடலை ஏளனம் செய்யாமல், அதன் முடிவில் அவர் வெறுங்கையோடு நிற்கும்போது பக்கத்தில் நிற்பதே மற்றவருடைய தர்மம்; கிடைக்காத குற்றவாளிக்காக உயிருள்ள எவரையும், தன்னையுமே, தண்டியாதிருப்பது துக்கப்படுகிறவரின் தர்மம்.