ஆயுதம் செய்தவன் பொறுப்பாளியா?

ஒருவன் வாள் செய்து விற்கிறான். வாங்கியவன் அதைக் கொண்டு ஒரு குற்றமற்றவரை வெட்டிவிடுகிறான். அந்தப் பாவத்தில் வாள் செய்தவனுக்கும் பங்குண்டா?

இக்கேள்வி நமக்குத் தூரமானதன்று. ஆவடியில் 1961-ல் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலை நம் நாட்டுப் படைக்கு டாங்கிகளைச் செய்து தருகிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் லேத் பட்டறைகளில் இரும்பைக் கடைந்து பிழைப்போரும் நம்மிடையே உண்டு. “என் கையால் செய்த பொருள் எங்கே போய் என்ன செய்கிறதோ, இந்தக் கூலி ஹலால்தானா?” என்று அவர்களில் ஒருவர் கேட்டால், நாம் என்ன பதில் சொல்வோம்?

இதே கேள்வியை ஒரு நாடே நீதிமன்றத்தின் முன் வைத்தது. மெக்ஸிகோவில் பொதுமக்கள் துப்பாக்கி வாங்க ராணுவத்தின் பொறுப்பிலுள்ள ஓரிரு கடைகளே உண்டு. ஆயினும் வடக்கே அமெரிக்காவிலிருந்து எல்லை தாண்டிக் கடத்தி வரப்படும் துப்பாக்கிகளால் அங்கே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் மடிகின்றனர். ஆகவே 2021-ல் அந்நாட்டு அரசு, ஸ்மித் அண்டு வெஸ்ஸன் முதலிய துப்பாக்கிக் கம்பெனிகள் மீது பாஸ்டன் நகரில் வழக்குத் தொடுத்து, 1000 கோடி டாலர் வரை நஷ்டஈடு கோரியது. ‘எந்தக் கடைக்காரர்கள் கடத்தல்காரர்களுக்கு விற்கிறார்கள் என்று தெரிந்தும் இவர்கள் அவர்களுக்கே சரக்கை அனுப்புகிறார்கள்’ என்பது அதன் வாதம். 2025 ஜூன் 5 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவ்வழக்கைத் தள்ளிவிட்டது. பிறர் செய்யும் குற்றத்துக்காகத் துப்பாக்கி செய்தவர் மீது வழக்குத் தொடுப்பதை 2005-ஆம் ஆண்டுச் சட்டமொன்று அங்கே பெரும்பாலும் தடுக்கிறது. கம்பெனிகள் குற்றத்துக்கு உடந்தையாயின என்று கொள்ளத்தக்க விவரம் மெக்ஸிகோவின் மனுவில் இல்லை என்றும் நீதிமன்றம் கூறிற்று.

உலகச் சட்டத்தின் முன் அவர்கள் தப்பினார்கள். மார்க்கத்தின் தராசில் இதன் எடை என்ன?

தொழிலைப் பொறுத்தவரை இரும்பு வேலை இழிவானதன்று. இரும்பில் கடும் வலிமையும் மக்களுக்குப் பயன்களும் இருப்பதை ஸூரத்துல் ஹதீதில் அல்லாஹ் நினைவூட்டுகிறான். குற்றத்தைக் கையால் செய்தவனும் அதற்குக் காரணமானவனும் சேர்ந்திருந்தால், பழி கையால் செய்தவனையே சாரும் என்பது ஃபிக்ஹின் விதி. கம்பெனிகள் சொல்லும் நியாயமும் ஏறக்குறைய இதுவே. ஆனால் அவ்விதிக்கு ஒரு துணை விதி உண்டு. காரணமானவன் வரம்பு மீறியிருந்தால் அவனும் பொறுப்பாளியாவான்.

ஆயுதத்தில் அந்த வரம்பு எது? ஃபித்னாவின் காலத்தில் ஆயுதம் விற்பதை இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் வெறுத்ததை இமாம் புகாரீ (ரஹ்) குறித்துள்ளார்கள். ஹனஃபீ மத்ஹபின் ‘ஹிதாயா’ நூல் இதை நுட்பமாகப் பிரித்துக் காட்டுகிறது. குழப்பக்காரன் என்று தெரிந்தவனுக்கு ஆயுதத்தை விற்பது வெறுக்கப்பட்டது. அவன் யாரென்று தெரியாவிடில் குற்றமில்லை. ஆயுதமாக இன்னும் வடிக்கப்படாத இரும்பை விற்பதற்கும் தடையில்லை. ஷாஃபிஈ மத்ஹபிலோ, வழிப்பறிக்காரன் என்று தெரிந்தவனுக்கு ஆயுதம் விற்பது ஹராம்; சந்தேகம் மட்டும் இருந்தால் மக்ரூஹ். ஆக, இரு மத்ஹபுகளிலும் தராசின் முள் நிற்கும் இடம் ‘தெரிந்து’ என்ற ஒரு சொல்தான்.

“எனக்குத் தெரியாது” என்று சொல்லிவிட்டால் போதுமா? நபி (ஸல்) அவர்கள், அம்புகளுடன் பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ செல்பவர் அவற்றின் முனைகளைப் பிடித்துக் கொள்ளுமாறு பணித்தார்கள். உறையில்லாத வாளை ஒருவர் மற்றவரிடம் கொடுப்பதையும் தடுத்தார்கள். அங்கே யாரும் யாரையும் வெட்ட நினைக்கவில்லை. ஆயினும், காயம் படாமல் காப்பது ஆயுதத்தைக் கையில் வைத்திருப்பவரின் கடமையாயிற்று. கையிலிருந்து கைக்கு மாறும் ஒரு வாளுக்கே இவ்வளவு பேணுதல் என்றால், ஆயிரமாயிரம் துப்பாக்கிகளைக் கடத்தல்காரரின் வாசல் வரை அனுப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வதை எப்படிப் பேணுதல் என்பது?

நம் நாடும் இதைக் கண்டதுண்டு. 1995 டிசம்பர் 17 இரவு, மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்டத்தில் ஒரு விமானம் ஏகே-47 துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் பாராசூட்டில் இறக்கிவிட்டுப் போயிற்று. பல்கேரியாவில் ஏற்றப்பட்ட அந்தச் சரக்கின் சான்றிதழில் வங்கதேசத்தின் பெயர் இருந்தது. காகிதம் சரியாக இருந்தது. சரக்கோ புருலியாவின் கிராமங்களில் விழுந்தது. காகிதத்தைக் காட்டி மனிதர்களிடம் தப்பலாம். உள்ளத்தை அறிந்தவனிடம் அது எடுபடாது.

இப்போது நம் வீட்டுக் கேள்விக்கு வருவோம். நாட்டின் காவலுக்காக அரசுத் தொழிற்சாலையில் உழைப்பவரின் கூலியில் குறை காண இடமில்லை. பொதுவான உதிரிபாகம் கடைந்து கொடுப்பவரும் கலங்க வேண்டியதில்லை. ஆனால் பெயரும் ரசீதும் வேண்டாமென்று, கூலியை இரட்டிப்பாகத் தருவதாகச் சொல்லி, ஒருவன் துப்பாக்கிக் குழல் போன்ற ஒன்றைக் கடையச் சொன்னால், அது எதற்கு என்று கேட்டே ஆக வேண்டும். பதில் வராவிட்டால், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் பாக்கியிருந்தாலும் அந்த வேலையை விட்டுவிட வேண்டும். கேட்டால் வேலை போய்விடுமே என்று கேளாதிருப்பது அறியாமை ஆகாது. நன்மையிலும் இறையச்சத்திலும் ஒருவருக்கொருவர் துணை நிற்கவும், பாவத்திலும் வரம்பு மீறுவதிலும் துணை போகாதிருக்கவும் ஸூரத்துல் மாயிதாவின் 2-ஆம் வசனம் இடும் கட்டளை, பெரிய கம்பெனி முதலாளிக்கும் ஒற்றை லேத் வைத்திருப்பவருக்கும் ஒன்றேதான்.

கைகளும் கால்களும் சாட்சி சொல்லும் அந்நாளில், நம் கைகள் நமக்கு எதிராகப் பேசாதிருக்க வல்ல நாயன் அருள்வானாக! ஆமீன்.