கணக்கு முடித்தலும் உள்ளத் தூய்மையும்



மார்ச்சு 31-ஆம் நாளோடு நமது சங்கத்தின் ஆண்டுக் கணக்கு முடிக்கப்பட்டு, ஐந்தொகை பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்பட்டதை அறிவீர்கள். தம்மம் பேசவேண்டிய பூரணை நாளில் கணக்குப் பேச்சு எதற்கு என்று அன்பர் சிலர் வினவினர். அவர்களுக்கு விடையாகவே இச்சிறு பிரசங்கம்.

விநய பிடகத்தின் மகாவக்கத்திலே சீவரங்களைப் பற்றிய பகுதி ஒன்றுண்டு. மக்கள் கொணர்ந்த துணிகளைப் பெற்றுக்கொள்ள ஒருவர், எடுத்து வைக்க ஒருவர், பண்டசாலையைக் காக்க ஒருவர், பங்கிட ஒருவர் எனப் பிக்குகளைச் சங்கத்தின் சம்மதத்தோடு நியமிக்குமாறு பகவன் அருளினார். பெறுபவர், பெற்றது இது, பெறாதது இது என்று அறிந்திருத்தல் வேண்டும். பங்கிடுபவர், பங்கிட்டது இது, பங்கிடாதது இது என்று அறிந்திருத்தல் வேண்டும். அம்மட்டோ? ஆசையாலும் வெறுப்பாலும் மயக்கத்தாலும் அச்சத்தாலும் நெறி தவறாதவராகவும் இருத்தல் வேண்டும். பணம் வாங்குபவரும் பதிவெழுதுபவரும் ஒருவராயிருத்தல் ஆகாது என்று இக்காலத் தணிக்கையாளர் கூறுவதும் இதற்கு அயலானதன்று.

அந்நான்கனுள் அச்சத்தைச் சிறப்பாகக் கவனியுங்கள். திருடும் எண்ணத்தால் பொய்க்கணக்கு எழுதுவோர் சிலரே. பிறர் என்ன நினைப்பரோ என்னும் அச்சத்தால் எழுதுவோர் பலர். நமக்கு நேர்ந்ததும் அச்சோதனையே.

நாள்வழிக் குறிப்பிலிருந்து பேரேட்டுக்கு எடுத்தெழுதிக் கூட்டியபோது பற்றும் வரவும் காசு பிசகாமல் ஒத்திருந்தன. மகிழ்ந்தோம். பின்னர்ப் பெட்டியைத் திறந்து எண்ணினால், ஏட்டில் உள்ள இருப்பைவிட 640 ரூபாய் குறைவு! பற்றும் வரவும் சமமாயிருப்பது கணக்கு மெய்யென்பதற்குச் சான்றாகாது. எழுதாமலே விட்ட செலவு இருபக்கத்திலும் இராதாகையால், ஏடு தன்னளவில் சமமாகவே நிற்கும். சீலத்தை வாயால் ஒப்பித்துவிட்டு நிறைவடைகிறவர்களும் இப்படித்தான். ஏடு சரி, பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை.

"சில்லறைச் செலவு என்று எழுதிவிடலாம், ஐயா, யார் கேட்கப்போகிறார்கள்?" என்றார் இளைஞர் ஒருவர். நம் உள்ளமும் ஒரு கணம் அப்பக்கம் சாய்ந்தது என்பதை மறைப்பானேன்? ஆயின் அப்பணம் யாருடையது? 2001-ஆம் ஆண்டில் கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர், விடியுமுன் ரயிலேறிப் பெங்களூரில் வேலை செய்து இரவில் திரும்பும் மக்கள் பெட்டியில் இட்டது. முன்னாளில் நம் பாவபுண்ணியங்களைச் சித்திரகுப்தன் எழுதுவதாக நமக்குக் கூறினார்கள். அவ்வெழுத்தனை விட்டு வந்தோம். எழுதுகோல் இப்பொழுது நம் கையில் இருக்கிறது.

ஆகவே மூன்று இரவுகள் தேடினோம். சென்ற வைசாகப் பூரணைக்கு எண்ணெயும் திரியும் வாங்கிய 540 ரூபாய்க்கான கடை ரசீது, பஜனைப் பாட்டுப் புத்தகத்துள் மடிந்து கிடந்தது. அது உரிய தேதியோடு செலவில் ஏறியது. எஞ்சிய 100 ரூபாய் கிடைக்கவில்லை. அதனை அனாமத்தில் போட்டு வைக்கலாம் என்றார் ஒருவர். விளங்கும் வரை ஒரு தொகையை நிறுத்தி வைக்கும் இடம் அனாமத்து. விளங்காதென்று தெரிந்ததைப் புதைக்கும் இடமன்று. எனவே 'ரொக்கக் குறைவு ரூ. 100' என்று தனிவரியாக எழுதினோம். மார்ச்சு மாத மின்கட்டணம் இன்னும் செலுத்தப்படாமையால் அதனைப் பொறுப்புக்களின் பக்கத்தில் சேர்த்தோம். கடனின்மையை ஓர் இன்பமாக அனாதபிண்டிகருக்குப் பகவன் எடுத்துரைத்தார். கடனை எழுதாமல் விட்டு அவ்வின்பத்தைப் பெற இயலாது.

பொதுக்கூட்டத்தில் அவ்வரி வாசிக்கப்பட்டபோது மண்டபம் அமைதியாயிற்று. பின்வரிசையிலிருந்த மூதாட்டியார் ஒருவர் எழுந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, "அந்த நூறு ரூபாயை நான் கொடுத்துவிடுகிறேன், அப்பா. அந்த வரியை அடித்துவிடுங்கள்" என்றார்.

செயலாளர் எழுந்து கைகூப்பினார். "தானமாகக் கொடுங்கள், அம்மா, பெற்றுக்கொள்கிறோம். வரியை அடிக்க மாட்டோம்" என்றார்.

அம்மையார் சற்றே யோசித்துவிட்டுப் பணத்தை நீட்டினார். புதிய ஆண்டின் முதல் ரசீது அவர் பெயருக்கு எழுதப்பட்டது. சென்ற ஆண்டின் ஐந்தொகை, குறைவு வரியோடு, மண்டபச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது.