கந்தரோடைத் தூபிகள்

யாழ்ப்பாணத்தில் சுன்னாகத்தை அடுத்த கந்தரோடையில், பனைகளுக்கு நடுவே, துளை நிறைந்த முருகைக்கல்லால் அமைந்த சிறு பௌத்தத் தூபிகள், சில ஆளின் இடுப்பளவே உயர்ந்து, நெருங்கி நிற்பதைக் காணும் சைவனாகிய எனக்கு, வழிபடுவோர் அகன்றபின் ஓரிடத்தின் புனிதம் என்னவாகிறது என்ற வினா எழாமல் இருப்பதில்லை. 1917ஆம் ஆண்டளவில் வரலாற்றறிஞர் போல் பீரிஸ் இவற்றை ஆராய்ந்து உலகறியச் செய்தார். ஒப்புநோக்கின், துருக்கியில் பொகாஸ்கலே என்னும் சிற்றூரின் அருகே பண்டைய ஹிட்டைட் மக்களின் தெய்வங்கள் பாறையிற் செதுக்கியபடியே நிற்க, அவற்றைத் தொழுத இனமே மறைந்துவிட்டது; இங்கோ, மணிமேகலை என்னும் பௌத்த காவியத்தைப் பெற்ற மொழியை இன்றும் பேசுவோர் சூழ வாழ்கின்றனர். ஆதலால் இத்தூபிகளை அந்நியச் சின்னமென்று நாம் ஒதுக்குவதும், தமக்கு மட்டுமே உரியவையென்று பிறர் கோருவதும் ஒருங்கே அநீதியென்பேன். புத்தரை வணங்கிய தமிழரும் நம் முன்னோரே, அவர்தம் சிரத்தையை அவமதித்துச் சிவபூசை செய்ய என் மனம் ஒப்பவில்லை.